டோபமைனும் செரிமான மண்டல நோய்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாந்திக்கும் வயிற்று உப்புசத்துக்கும் தரப்படும் மாத்திரைகளில் பல, நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருளின் செயலைத் தடுப்பவை என்பது அவற்றை விழுங்குகிறவர்களில் பலருக்குத் தெரியாது. மூளையில் டோபமைன் குறைந்து நடுக்கமும் விறைப்பும் வரும் பார்க்கின்சன் நோய்க்காக டோபமைனைக் கூட்டும் மருந்து எடுப்பவர்களுக்கு ஏன் முதலில் வயிறுதான் தொல்லை தருகிறது என்பதும் அப்படியே. வயிற்றையும் மூளையையும் தனித்தனியாகப் பார்த்துப் பழகிவிட்டதால் வரும் குழப்பங்கள் இவை. நோயாளிகளும் அவர்களுடைய வீட்டாரும் கேட்கும் கேள்விகளுக்கு, உறுதியாகத் தெரிந்ததையும் இன்னும் ஆய்வு நிலையில் இருப்பதையும் பிரித்துக்காட்டி, இங்கே விடை தரப்படுகிறது.

டோபமைன் மூளையில் சுரப்பது அல்லவா? வயிற்று நோய்களோடு அதற்கு என்ன தொடர்பு?

மூளையில் சுரப்பது உண்மைதான். மூளையில் மட்டுமே சுரக்கிறது என்று எண்ணுவதுதான் பிழை. 1910இல் லண்டனில் ஜார்ஜ் பார்கர், ஜேம்ஸ் யூவன்ஸ் ஆகிய இருவரும் ஆய்வகத்தில் டோபமைனைத் தயாரித்தார்கள். அதற்குப் பிறகும் நெடுங்காலம், அட்ரினலின் உருவாகும் வழியில் வந்துபோகும் ஓர் இடைப்பொருளாகவே அது கருதப்பட்டது. 1957, 1958 ஆண்டுகளில் ஸ்வீடன் நாட்டு அறிவியலாளர் அர்விட் கார்ல்சன், அது மூளையில் தனியே ஒரு நரம்புக் கடத்தியாக வேலை செய்கிறது என்று காட்டினார். அதற்காக 2000ஆம் ஆண்டின் நோபல் பரிசில் பங்கு பெற்றார். அன்று முதல் டோபமைன் என்றாலே மூளை என்று ஆகிவிட்டது.

ஆனால் 1997இல் வெளியான ஓர் ஆய்வு, இரைப்பை, குடல், கணையம், மண்ணீரல் ஆகிய உறுப்புகளுக்குள் போகும் இரத்தத்தையும் அவற்றிலிருந்து கல்லீரலுக்குச் செல்லும் இரத்தத்தையும் அளந்து பார்த்து, உடலில் உண்டாகும் மொத்த டோபமைனில் 42 முதல் 46 சதவீதம் வரை இவ்வுறுப்புகளிலேயே உண்டாகிறது என்று கணக்கிட்டது. உணவுப் புரதத்தில் உள்ள டைரோசின் என்ற அமினோ அமிலம் முதலில் லெவோடோபாவாகவும், பின்னர் டோபமைனாகவும் மாறுகிறது. குடல் சுவருக்குள் உள்ள நரம்பு வலையில் டோபமைனைச் சுரக்கும் நரம்பணுக்கள் இருக்கின்றன. குடலின் உட்படலச் செல்களும் அதை உண்டாக்குகின்றன. இங்கே உண்டாகும் டோபமைன் மூளைக்குள் போவதில்லை. இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலான தடையை அதனால் கடக்க முடியாது. ஆகவே வயிற்றின் டோபமைன் வேறு, மூளையின் டோபமைன் வேறு. வேதிப்பொருள் மட்டும் ஒன்று.

வயிற்றிலும் குடலிலும் அது செய்யும் வேலை என்ன?

முதன்மையான வேலை, இயக்கத்தை அடக்குவது. இரைப்பையையும் குடலையும் சுருங்கச் செய்து உணவை முன்னே தள்ளுவது அசிட்டைல்கோலின் என்ற கடத்தி. அதைச் சுரக்கும் நரம்பு முனைகளில் டோபமைனின் டி2 வகை ஏற்பிகள் அமைந்துள்ளன. டோபமைன் அவற்றில் வந்து ஒட்டியதும் அசிட்டைல்கோலின் சுரப்பு குறைகிறது. இரைப்பையின் மேற்பகுதி தளர்கிறது, கீழ்ப்பகுதியின் சுருக்கங்கள் வலுவிழக்கின்றன, உணவு இரைப்பையை விட்டு வெளியேறத் தாமதமாகிறது. குதிரைக்குக் கடிவாளம் போல, செரிமானப் பாதையின் ஓட்டத்தை இழுத்துப் பிடிப்பது டோபமைன் என்று கொள்ளலாம். டி2 ஏற்பி இல்லாதபடி மரபணு மாற்றம் செய்யப்பட்ட எலிகளில் உணவு குடல் வழியே வழக்கத்தைவிட விரைவாகக் கடந்துபோனது இதற்குச் சான்று.

டோபமைனுக்கு டி1 முதல் டி5 வரை ஐந்து வகை ஏற்பிகள் உண்டு. டி1, டி5 இரண்டும் செல்லைத் தூண்டுபவை. டி2, டி3, டி4 மூன்றும் அடக்குபவை. இதனால்தான் ஒரே பொருள் ஓரிடத்தில் இரத்தக் குழாயை விரிக்கவும், இன்னோரிடத்தில் தசையின் இயக்கத்தைத் தடுக்கவும், வேறோரிடத்தில் நோய் எதிர்ப்புச் செல்களின் போக்கை மாற்றவும் முடிகிறது. ‘டோபமைன் நல்லதா, கெட்டதா’ என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் கிடைக்காததற்குக் காரணமும் இதுவே.

குமட்டலுக்கும் வாந்திக்கும் டோபமைன் எப்படிக் காரணமாகிறது?

மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில், நான்காம் மூளை அறையின் தரையில், வாந்தியைத் தூண்டும் ஒரு சிறு பகுதி உள்ளது. இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலான தடை இந்த இடத்தில் தளர்வாக இருக்கிறது. இரத்தத்தில் நஞ்சு கலந்திருக்கிறதா என்று முகர்ந்தறிந்து வாந்தியால் வெளியேற்றச் செய்வதே இதன் பணி என்பதால், தடை இல்லாமல் இருப்பது இதற்குத் தேவையும்கூட. இங்கே டி2 ஏற்பிகள் நிறைய உண்டு. மூளைக்குள் நுழைய முடியாத டோபமைனும் இந்த இடத்தை எட்டிவிடும். எட்டினால் குமட்டல் வரும்.

மூளையில் டோபமைனைக் கூட்ட லெவோடோபாவை மருந்தாக எடுக்கத் தொடங்கும் பார்க்கின்சன் நோயாளிகளுக்கு முதல் வாரங்களில் வயிற்றைப் புரட்டுவது இதனால்தான். மருந்தில் ஒரு பகுதி மூளையை அடையும் முன்பே குடலிலும் இரத்தத்திலும் டோபமைனாக மாறிவிடுகிறது. அதைத் தடுக்கவே கார்பிடோபா சேர்த்துத் தரப்படுகிறது.

எல்லா வாந்தியும் டோபமைனால் வருவதில்லை. பேருந்திலும் படகிலும் வரும் பயண வாந்தி உள்காதிலிருந்து, ஹிஸ்டமின், அசிட்டைல்கோலின் வழியாக எழுவது. டோபமைன் தடுப்பு மருந்து அதற்கு உதவாது. புற்றுநோய் மருந்துகளால் உடனே வரும் வாந்தியில் செரட்டோனின் என்ற இன்னொரு கடத்தி முன்னிலை வகிக்கிறது. ஆன்டன்செட்ரான் போன்றவை அதற்காக உருவானவை.

மெட்டோகுளோபிரமைடு, டோம்பெரிடோன், லெவோசல்பிரைடு, இட்டோபிரைடு: இவை எல்லாம் ஒன்றுதானா?

நான்கும் டி2 ஏற்பியை அடைத்து, கடிவாளத்தைத் தளர்த்தி, இரைப்பையை இயக்குபவை. ஆனால் மூளைக்குள் எவ்வளவு நுழைகின்றன என்பதில் வேறுபடுகின்றன; நோயாளி கவனிக்க வேண்டியது அதைத்தான்.

மெட்டோகுளோபிரமைடு 1964இல் பிரான்சில் அறிமுகமானது. டி2 ஏற்பியை அடைப்பதுடன் செரட்டோனினின் ஒரு வகை ஏற்பியையும் தூண்டுவதால் இரைப்பையை வலுவாக இயக்கும். மூளைக்குள் எளிதில் நுழையும். அங்கே அசைவுகளை ஒழுங்குபடுத்தும் டோபமைனையும் சேர்த்தே தடுத்துவிடுவதால் தசை இழுப்பு, நடுக்கம், உடல் விறைப்பு, ஓரிடத்தில் இருக்க முடியாத தவிப்பு, மனச்சோர்வு ஆகியவை வரலாம். நீண்ட காலம் எடுத்தவர்களில் சிலருக்கு வாயும் நாக்கும் தாமாகவே அசைந்துகொண்டிருக்கும் நிலை ஏற்பட்டு, மருந்தை நிறுத்திய பிறகும் நீடிக்கிறது. இதற்காகவே 2009இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, 12 வாரங்களுக்கு மேல் தர வேண்டாம் என்ற கடுமையான எச்சரிக்கையை மருந்தின் மீது அச்சிடச் செய்தது. 2013இல் ஐரோப்பிய மருந்து முகமை இன்னும் இறுக்கி, பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராம், அதிகபட்சம் 5 நாள்கள் என்று வரையறுத்தது. நீடித்த அஜீரணத்துக்கும் நெஞ்செரிச்சலுக்கும் தருவதைக் கைவிடச் சொன்னது.

டோம்பெரிடோன் 1974இல் பெல்ஜியத்தின் ஜான்சென் நிறுவனத்தில் உருவாக்கப்பட்டது. இது மூளைக்குள் பெரும்பாலும் நுழைவதில்லை. தடை தளர்ந்த வாந்திப் பகுதியையும் குடலையும் மட்டும் எட்டுகிறது. ஆகவே நரம்புத் தொல்லை குறைவு. இதன் சிக்கல் இதயத்தில் இருக்கிறது; அதை அடுத்த கேள்வியில் காண்க.

லெவோசல்பிரைடு இத்தாலி, தென்கொரியா, இந்தியா ஆகிய நாடுகளில் பயன்பாட்டில் உள்ளது. அமெரிக்காவில் இதற்கு அனுமதி இல்லை. மூலத்தில் இது மனநோய் மருந்துகளின் குடும்பத்தைச் சேர்ந்தது, மூளைக்குள் நுழையக்கூடியது. முதியவர்களுக்கு இதனால் பார்க்கின்சன் போன்ற நடுக்கமும் விறைப்பும் ஏற்படுவதை நரம்பியல் மருத்துவர்கள் தொடர்ந்து பதிவு செய்துவருகிறார்கள். நெஞ்செரிச்சலுக்கான மாத்திரையோடு ஒரே உறைக்குள் இது சேர்க்கப்பட்டு மாதக்கணக்கில் விழுங்கப்படுவதே மிகவும் கவலைக்குரியது என்று கருதுகிறேன். நோயாளி தமக்கு ‘கேஸ் மாத்திரை’ தரப்பட்டதாகவே நினைக்கிறார்.

இட்டோபிரைடு டி2 ஏற்பியை அடைப்பதோடு, அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியையும் தடுக்கிறது. ஜப்பானில் உருவானது. மூளைக்குள் நுழைவது குறைவு.

அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு டோம்பெரிடோன் சேர்ந்த மாத்திரையைப் பல மாதங்களாகக் காலையில் வெறும் வயிற்றில் எடுத்துவருகிறேன். தொடரலாமா?

உங்களுக்கு அமிலக் குறைப்பு மருந்து மட்டும் போதுமா, டோம்பெரிடோனும் வேண்டுமா என்று மருத்துவரிடம் தனியாகக் கேளுங்கள். இந்தியாவில் பான்டோபிரசோல், ரபெபிரசோல், ஒமெபிரசோல் ஆகியவற்றோடு டோம்பெரிடோனைச் சேர்த்த மாத்திரைகள் மிகச் சாதாரணமாகப் புழங்குகின்றன. பழைய சீட்டைக் காட்டியும், சீட்டே இல்லாமலும் வாங்கி ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்கள் உண்டு. ஆனால் 2014இல் ஐரோப்பிய மருந்து முகமை, டோம்பெரிடோனைக் குமட்டலுக்கும் வாந்திக்கும் மட்டுமே தரலாம் என்றும், பெரியவர்களுக்கு 10 மில்லிகிராம் வீதம் நாளொன்றுக்கு மூன்று வேளைக்கு மேல் கூடாது என்றும், வழக்கமாக ஒரு வாரத்துக்கு மேல் நீடிக்க வேண்டாம் என்றும் அறிவித்தது. வயிற்று உப்புசமும் நெஞ்செரிச்சலும் அதன் பயன்பாட்டுப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டன.

காரணம், இது இதயத் தசை ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் மின்னேற்றம் பெற்று மீளும் நேரத்தை நீட்டிக்கிறது; அரிதாக, அது உயிருக்கு ஆபத்தான துடிப்புக் கோளாறில் முடியக்கூடும். 60 வயதைக் கடந்தவர்களுக்கும் நாளொன்றுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் எடுப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல். கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின், ஃபுளுக்கோனசோல், கீட்டோகோனசோல் போன்றவற்றோடு சேரும்போது டோம்பெரிடோனின் அளவு இரத்தத்தில் ஏறிவிடும் அல்லது இதயத்தின் மீதான விளைவு கூடும். இதய நோய் உள்ளவர்கள், வயிற்றுப்போக்கால் பொட்டாசியம் குறைந்தவர்கள், கல்லீரல் பாதிப்பு உள்ளவர்கள் மருத்துவரிடம் இதை மறவாமல் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, டி2 தடுப்பு மருந்துகள் அனைத்துமே பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் ஹார்மோனை உயர்த்தும். மாதவிலக்கு தள்ளிப்போவது, குழந்தை பெறாத பெண்ணுக்கும் மார்பில் பால் கசிவது, ஆணுக்கு மார்பு பெருப்பது ஆகியவை வந்தால், ஸ்கேன் எடுக்கும் முன் மாத்திரைப் பட்டியலைப் பார்ப்பது நல்லது.

வாந்திக்கு ஊசி போட்ட சில மணி நேரத்தில் மகளுக்குக் கழுத்து ஒரு பக்கமாக இழுத்து, கண்கள் மேலே செருகிக்கொண்டன. வலிப்பா, ஒவ்வாமையா?

பெரும்பாலும் இரண்டும் அல்ல. மெட்டோகுளோபிரமைடு, புரோகுளோர்பெரசின் போன்ற டோபமைன் தடுப்பு மருந்துகளால் வரும் திடீர்த் தசை இறுக்கம் இது. குழந்தைகளுக்கும் இளம் வயதினருக்கும், குறிப்பாக இளம் பெண்களுக்கு, அதிகம் வருகிறது. நினைவு தெளிவாக இருக்கும். ஆனால் தாடை இறுகும், நாக்கு வெளியே தள்ளும், கழுத்து கோணும். பார்ப்பவர்களுக்குப் பேய் பிடித்ததைப் போலத் தோன்றி, தேவையற்ற அச்சத்துக்கு இடமளிப்பதும் உண்டு. மருத்துவமனையில் இதற்கான மாற்று ஊசி போட்டால் பெரும்பாலும் சில நிமிடங்களில் சரியாகிவிடும். மூச்சு விடச் சிரமம் இருந்தால் ஒரு கணமும் தாமதிக்கக் கூடாது. எந்த மருந்தால் வந்தது என்பதை எழுதி வைத்துக்கொண்டு, இனி எந்த மருத்துவரிடம் போனாலும் அதைக் காட்டுங்கள்.

சர்க்கரை நோயாளிகளுக்கு வரும் இரைப்பைச் செயல்மந்தம் டோபமைன் கூடுவதால் வருவதா?

இல்லை. நீண்ட கால உயர் சர்க்கரையால், மூளையையும் வயிற்றையும் இணைக்கும் வேகஸ் நரம்பும், இரைப்பைக்குத் தாளம் அமைத்துத் தரும் கஹால் செல்களும் சேதமடைவதே இதன் மூல காரணம். டோபமைனைத் தடுக்கும் மருந்து சேதத்தைச் சரிசெய்வதில்லை. எஞ்சியிருக்கும் இயக்கத்துக்கு இருந்த தடையை மட்டும் எடுக்கிறது. எனவேதான் சிலருக்கு நன்றாக உதவுகிறது, பலருக்குச் சிறிதளவே உதவுகிறது. அமெரிக்காவில் இந்நோய்க்கென அனுமதி பெற்ற மருந்து மெட்டோகுளோபிரமைடு ஒன்றே. ஐரோப்பாவோ அதே மருந்தை இந்நோய்க்கு நீடித்துத் தர வேண்டாம் என்கிறது. ஒரே சான்றுகளைப் பார்த்து இரு அமைப்புகள் இருவேறு முடிவுக்கு வந்திருப்பதிலிருந்தே, பயனும் ஆபத்தும் எவ்வளவு நெருக்கமாக நிற்கின்றன என்று தெரியும்.

நோயை உறுதிசெய்ய, சிறிதளவு கதிரியக்கப் பொருள் கலந்த உணவைத் தந்து படமெடுப்பார்கள். நான்கு மணி நேரம் கழித்தும் 10 சதவீதத்துக்கு மேல் இரைப்பையில் தங்கியிருந்தால் அது மந்தம். உணவு தாமதமாக இறங்குவதால், இன்சுலின் முன்னே வேலை செய்து சர்க்கரை தாழ்ந்து, பிறகு ஏறும் விசித்திரம் நிகழ்கிறது. சிறு சிறு வேளைகளாக, குழைய வேகவைத்து, எண்ணெயையும் நாரையும் குறைத்து உண்பது உதவும். எடை குறைப்புக்கும் சர்க்கரைக்கும் இப்போது பரவலாகிவரும் செமாக்ளூடைடு போன்ற ஊசிகளும் இரைப்பையை மந்தமாக்குபவை. அந்த ஊசியின் விளைவை நோய் என்று எண்ணி, அதன்மேல் ஒரு டோபமைன் தடுப்பு மாத்திரையை ஏற்றுவது சரியான வழியன்று.

குடற்புண்ணுக்கும் டோபமைனுக்கும் தொடர்பு உண்டா?

ஒரு காலத்தில் இது தீவிரமாக ஆராயப்பட்டது. டோபமைன் குறைந்த பார்க்கின்சன் நோயாளிகளுக்குக் குடற்புண் அதிகமாகவும், டோபமைன் மிகுந்ததாகக் கருதப்படும் மனச்சிதைவு நோயாளிகளுக்குக் குறைவாகவும் காணப்படுவதாக அறிக்கைகள் வந்தன. ஷான்டோர் சாபோ என்ற ஆய்வாளர், முன்சிறுகுடல் புண் டோபமைன் கோளாறாக இருக்கலாம் என்ற கருத்தை 1979இல் முன்வைத்தார். எலிகளில் டோபமைனைத் தூண்டும் மருந்துகள் புண்ணைத் தடுத்தன.

1982இல் ஆஸ்திரேலியாவின் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவைக் கண்டறிந்த பிறகு படம் மாறியது. குடற்புண்களில் பெரும்பாலானவை இந்தக் கிருமியாலோ வலி நிவாரணி மாத்திரைகளாலோ வருபவை. சிகிச்சையும் அவற்றை ஒட்டியே தரப்படுகிறது. உட்படலத்தைக் காப்பதில் டோபமைனுக்குப் பங்கு இருக்கலாம் என்ற அளவில் பழைய ஆய்வுகள் இன்றும் மதிப்புடையவை. மருந்தாக அவை கனியவில்லை.

பார்க்கின்சன் நோய் குடலில்தான் தொடங்குகிறது என்கிறார்களே, உண்மையா?

1817இல் இந்நோயை முதலில் விவரித்த லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சனே, தம் நோயாளிகளின் மலச்சிக்கலைக் குறித்து எழுதியிருக்கிறார். கை நடுங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மலச்சிக்கல் தொடங்கிவிடுவதை இன்று நாம் அறிவோம். ஹவாய் தீவுகளில் 6,790 ஆண்களை நீண்ட காலம் பின்தொடர்ந்து 2001இல் வெளியான ஆய்வில், நாளுக்கு ஒரு முறைகூட மலம் கழியாதவர்களுக்குப் பின்னாளில் பார்க்கின்சன் வரும் வாய்ப்பு, நாள்தோறும் ஒரு முறை கழிப்பவர்களைவிட 2.7 மடங்கு இருந்தது. இந்த எண்ணைப் படித்து அஞ்ச வேண்டாம்: அத்தனை பேரில் மொத்தமாக நோய் வந்தவர்கள் 96 பேர்தாம். மலச்சிக்கல் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பார்க்கின்சன் வருவதே இல்லை.

2003இல் ஜெர்மனியின் ஹைகோ பிராக் குழுவினர், ஆல்ஃபா-சைனுக்ளின் என்ற புரதம் திரண்டு கெட்டுப்போவது குடல் நரம்புகளில் தொடங்கி, வேகஸ் நரம்பு வழியாக மேலேறி மூளையை அடைகிறது என்ற கருதுகோளை வெளியிட்டார்கள். முற்காலத்தில் குடற்புண்ணுக்காக வேகஸ் நரம்பின் தண்டையே வெட்டிக்கொண்டவர்களின் பதிவேடுகளை டென்மார்க்கிலும் ஸ்வீடனிலும் ஆராய்ந்தபோது, அவர்களுக்குப் பார்க்கின்சன் சற்றே குறைவாக வந்திருக்கலாம் என்று தெரிந்தது; கிளைகளை மட்டும் வெட்டியவர்களிடம் அப்படிக் காணப்படவில்லை. ஆனால் எல்லா நோயாளிகளுக்கும் இந்தப் பாதை பொருந்துவதில்லை. சிலருக்குக் குடலிலும் சிலருக்கு மூளையிலும் தொடங்குகிறது என்ற பார்வையே இப்போது வலுப்பெற்றுவருகிறது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. மூளையில் டோபமைன் செல்கள் அழிவது போலக் குடலிலும் அழிவதால்தான் மலச்சிக்கல் வருகிறது என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. குடல் நரம்புகளை எண்ணிப் பார்த்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. டோபமைன் குறைந்தால் குடல் விரைவாக இயங்க வேண்டுமே தவிர மந்தமாகக் கூடாது. ஆகவே வேகஸ் நரம்பின் பாதிப்பு, குறைந்த நடமாட்டம், குறைந்த நீர், மருந்துகள் என்று பல காரணங்கள் சேர்ந்தே மலச்சிக்கலை உண்டாக்குகின்றன.

லெவோடோபா சில நாள்கள் வேலை செய்கிறது, சில நாள்கள் செய்வதில்லை. வயிறு இதற்குக் காரணமாக இருக்குமா?

மிகவும் இருக்கலாம். லெவோடோபா இரைப்பையில் உறிஞ்சப்படுவதில்லை. சிறுகுடலின் முற்பகுதியில்தான் உறிஞ்சப்படுகிறது. இரைப்பை மந்தமாக இருந்தால் மாத்திரை அங்கேயே தங்கிவிடும். உறிஞ்சி உள்ளே எடுக்கும் வழியும் புரதத்தின் அமினோ அமிலங்களுக்கும் லெவோடோபாவுக்கும் பொதுவானது. எனவே முட்டை, கறி, பருப்பு நிறைந்த சாப்பாட்டோடு சேர்ந்து எடுத்தால் மருந்து பின்தங்கும். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்போ, ஒரு மணி நேரம் பின்போ எடுக்கச் சொல்வதும், புரதத்தை இரவு உணவுக்குத் தள்ளி வைப்பதும் இதற்காக. புரதத்தையே நிறுத்திவிடக் கூடாது. எடை குறைந்தால் நோயாளி தளர்ந்துபோவார்.

குடல் பாக்டீரியாக்களும் பங்கு கேட்கின்றன. என்டரோகாக்கஸ் ஃபீக்காலிஸ் என்ற பாக்டீரியா லெவோடோபாவைக் குடலிலேயே டோபமைனாக மாற்றிவிடுவதையும், மனித நொதியைத் தடுக்கும் கார்பிடோபா அந்தப் பாக்டீரியாவின் நொதியைத் தடுக்காததையும் 2019இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். மிகவும் முற்றிய நிலையில், சிறு குழாய் வழியாக மருந்தைக் கூழாக நேரே சிறுகுடலுக்குள் செலுத்தும் முறையும் உண்டு. இரைப்பையைத் தாண்டிவிடுவதே அதன் பயன்.

பார்க்கின்சன் நோயாளிக்கு வாந்தி வந்தால் மெட்டோகுளோபிரமைடு, புரோகுளோர்பெரசின், லெவோசல்பிரைடு ஆகியவற்றைத் தரக் கூடாது; நடுக்கமும் விறைப்பும் கூடும். இதயப் பரிசோதனைக்குப் பின் குறைந்த அளவில் டோம்பெரிடோன் தரப்படுவது வழக்கம். நள்ளிரவில் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போக நேர்ந்தால் வீட்டார் வாய் திறந்து சொல்ல வேண்டிய முதல் செய்தி இது.

பூனைக்காலி விதையில் இயற்கையாகவே லெவோடோபா உள்ளதாமே? அதை எடுத்துக்கொள்ளலாமா?

உண்மைதான். பூனைக்காலி விதையில் லெவோடோபா கணிசமாக உள்ளது. சித்த, ஆயுர்வேத மருத்துவங்களில் அது நெடுங்காலமாகப் பயன்பட்டுவருகிறது. ஆனால் விதைக்கு விதை, பொடிக்குப் பொடி அளவு மாறும். கூடவே கார்பிடோபா இல்லாததால் குமட்டலும் அதிகம். ஏற்கெனவே லெவோடோபா மாத்திரை எடுப்பவர் தாமாகவே இதையும் சேர்த்தால், கட்டுப்படுத்த முடியாத உடல் அசைவுகளும் இரத்த அழுத்தச் சரிவும் வரக்கூடும். எடுப்பதாக இருந்தால் நரம்பியல் மருத்துவருக்குத் தெரிந்தே எடுக்க வேண்டும்.

குரோன் நோய், பெருங்குடல் புண் அழற்சி ஆகியவற்றில் டோபமைனின் பங்கு என்ன?

நீடித்த குடல் அழற்சி நோய்களான இவ்விரண்டிலும் அழற்சி கண்ட குடற்படலத்தில் டோபமைன் குறைந்திருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. நோய் எதிர்ப்புச் செல்களின் மீதும் டோபமைன் ஏற்பிகள் இருப்பதால், இந்தக் குறைவு அழற்சியைக் கூட்டுகிறதா, அழற்சியின் விளைவாக வந்ததா என்பதே ஆராய்ச்சிக்குரிய கேள்வி. பார்க்கின்சனோடு தொடர்புடைய எல்ஆர்ஆர்கே2 மரபணுவின் சில மாற்றங்கள் குரோன் நோயோடும் தொடர்புடையவை. அமெரிக்கக் காப்பீட்டுப் பதிவுகளை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வில், குடல் அழற்சி நோய் உள்ளவர்களுக்குப் பார்க்கின்சன் வருவது 28 சதவீதம் அதிகமாகவும், அவர்களுள் அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் என்ற புரதத்தைத் தடுக்கும் ஊசி பெற்றவர்களுக்கு, பெறாதவர்களைவிட 78 சதவீதம் குறைவாகவும் இருந்தது. இது பதிவேடுகளைப் பார்த்துக் கண்ட தொடர்பு. ஊசி பார்க்கின்சனைத் தடுக்கும் என்பதற்கான நிரூபணம் அன்று. இந்நோய்களுக்கு டோபமைனை மாற்றும் மருந்து எதுவும் இன்று சிகிச்சையில் இல்லை.

கல்லீரல், கணைய நோய்களில்?

கல்லீரல் சுருக்க நோய் முற்றும்போது வரும் மனக்குழப்பத்துக்கு, மூளையில் டோபமைனின் இடத்தை ஆக்டோபமைன் போன்ற போலிக் கடத்திகள் பிடித்துக்கொள்வதே காரணம் என்று 1971இல் ஒரு கருத்து முன்வைக்கப்பட்டது. அதை நம்பி லெவோடோபா கொடுத்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. அம்மோனியாவைக் குறைப்பதே இன்றைய சிகிச்சை. எனினும் கல்லீரல் வெளியேற்ற வேண்டிய மாங்கனீசு மூளையின் அசைவு மையங்களில் படிவதால், சில நோயாளிகளுக்குப் பார்க்கின்சனைப் போன்ற விறைப்பு வருவது உண்மை.

கணையத்தில், இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்களை டோபமைன் அடக்குகிறது. இதற்கு எதிர்மாறாகத் தோன்றும்படி, டி2 ஏற்பியைத் தூண்டும் புரோமோகிரிப்டினின் விரைவு வடிவம் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்க்கு 2009இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது மூளையின் வழியே வேலை செய்வதாகக் கருதப்படுகிறது.

இரத்தத்தில் டோபமைன் அளவைப் பார்த்து வயிற்று நோயைக் கண்டறியலாமா? உணவால் கூட்டவோ குறைக்கவோ முடியுமா?

இரண்டும் இயலாது. இரத்தத்தில் உள்ள டோபமைனில் பெரும்பகுதி, சல்ஃபேட்டோடு இணைந்து செயலற்ற நிலையில் இருப்பது. உணவைப் பொறுத்தும் அது மாறும். வாழைப்பழத்தில் டோபமைன் உண்டு. ஆனால் அது மூளைக்குச் செல்லாது, குடலிலேயே சிதைக்கப்படும். செரிமானக் கோளாறுக்காக இந்தச் சோதனையைச் செய்துகொள்வது வீண் செலவு.

வயிற்று மாத்திரையால் அம்மாவுக்கு நடுக்கம் வந்திருக்கிறது என்கிறார் மருத்துவர். நிறுத்தினால் முழுவதும் சரியாகிவிடுமா?

பெரும்பாலோருக்குச் சரியாகிறது. ஆனால் உடனே அல்ல. சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆகலாம். மருந்தால் வரும் நடுக்கமும் விறைப்பும் உடலின் இரு பக்கமும் ஒருசேர வருவது அதிகம். இயல்பான பார்க்கின்சன் ஒரு பக்கத்தில் தொடங்குவது வழக்கம். இதை வைத்து மட்டும் முடிவு கட்ட முடியாது. ஆறு மாதங்களுக்குப் பிறகும் அறிகுறி குறையாவிட்டால், உள்ளே மறைந்திருந்த பார்க்கின்சன் நோயை மாத்திரை முன்கூட்டியே வெளிக்காட்டியிருக்கலாம். அப்போது நரம்பியல் மருத்துவர் மேல் பரிசோதனைகளை முடிவு செய்வார். அதுவரை அம்மாவுக்குக் கழிவறையிலும் படிகளிலும் துணை வேண்டும். விறைப்பு உள்ள முதியவர்கள் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொள்வது எளிது. வயிற்றுத் தொல்லைக்காக வேறொரு மருத்துவரைப் பார்க்கும்போது, நிறுத்திய மாத்திரையின் வணிகப் பெயரை மட்டும் சொல்லாமல், அட்டையின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் மூலப்பொருள்களின் பெயரையும் காட்டுங்கள். அதே பொருள் வேறு பெயரில் மறுபடியும் வீட்டுக்குள் வந்துவிடக்கூடும்.